ஆலடிக்குளத்தில் காணாமல்போன நூற்று முப்பத்தேழு குழிகள்

ஆலடிக்குளம் ஹமீதின் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்த ராஜபாளையத்து எலும்பு டாக்டர், படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, விரலால் ஒவ்வொரு கணுவாக எண்ணிப் பார்த்தார். பிறகு, "எந்த ரோட்டுல வண்டி ஓட்டுதீக?" என்று கேட்டார். என்ன தொழில் என்று கேட்கவில்லை. ரோட்டைத்தான் கேட்டார். விவரமான டாக்டர்.

ஹமீது ரோட்டைச் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். "மாத்திரை எழுதித் தாரேன். ஆனா மருந்து போட வேண்டியது உங்களுக்கு இல்ல, அந்த ரோட்டுக்கு."

அந்த ரோட்டை அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுவது நல்லது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் ஓடுகிற மெயின்ரோட்டிலிருந்து மேற்கே, மலையைப் பார்த்துத் திரும்பினால் நாலு கிலோமீட்டரில் ஆலடிக்குளம். திரும்புகிற இடத்துக்கு விலக்கு என்று பேர். அந்த நாலு கிலோமீட்டருக்கு எப்போதோ தார் போட்டிருக்கிறார்கள். அதற்கான சான்றுகள் ரோட்டின் ஓரங்களில் ஆங்காங்கே இன்றும் கிடைக்கின்றன. மினிபஸ் அந்தத் தூரத்தைக் கடக்க நாற்பது நிமிஷம் ஆகும். மெயின்ரோட்டில் ஏறிவிட்டால் அப்புறம் ராஜபாளையம் கால் மணி நேரம். அதாவது, ஆலடிக்குளத்துக்காரர்களுக்கு உலகம் பக்கத்தில்தான் இருக்கிறது, ஊர்தான் தூரத்தில் இருக்கிறது.

அந்த மினிபஸ்ஸின் டிரைவர் ஹமீது. வயது ஐம்பத்து நாலு. பதினேழு வயசில் பஞ்சு பேல் ஏற்றுகிற லாரியில் கிளீனராகச் சேர்ந்து, செங்கோட்டை மலைப்பாதையில் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த ஆரிபாவைக் கட்டிக்கொண்டு, ஆலடிக்குளத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, இருபத்தொரு வருஷமாக இதே ரோட்டில் ஒரு நாளைக்கு ஏழு நடை. ஏழு நடையும் போக, வர. பெருக்கிப் பார்த்தால் அவர் இந்நேரம் மக்காவுக்குப் பலமுறை போய்த் திரும்பியிருக்கலாம். ஆனால் ஆலடிக்குளம் விலக்கைத் தாண்டி ராஜபாளையம் வரைக்கும்தான் பெர்மிட்.

இருபத்தொரு வருஷத்தில் ஹமீது ஒரு கல்வி பெற்றிருந்தார். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லாத படிப்பு. அந்த ரோட்டில் மொத்தம் நூற்று முப்பத்தேழு குழிகள். ஒவ்வொன்றின் நீளம், அகலம், ஆழம், குணம் எல்லாம் அவருக்குத் தெரியும். முக்கியமானவற்றுக்குப் பேரும் இருந்தது. ஒரு வக்கீல் பைக்கோடு விழுந்து, எழுந்ததும் யார் மேல் கேஸ் போடுவது என்று தெரியாமல் நின்ற இடம் வக்கீல் குழி. ஓட்டுப்போடுவதற்கு முந்தின வாரம் மூடி, அடுத்த மாதம் திறந்துகொள்வது எலெக்‌ஷன் குழி. பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒன்றைத் தப்பினால் மற்றதில் விழவைக்கிற இரண்டுக்கும் சம்பந்தி குழிகள் என்று பேர். ஊரில் யாரும் எத்தனையாவது கிலோமீட்டர் என்று சொல்வதில்லை. "வக்கீலைத் தாண்டி இறக்கி விடுங்க" என்பார்கள்.

இப்படி நிம்மதியாகக் குலுங்கிக்கொண்டிருந்த ஊருக்கு இரண்டு பக்கமிருந்து ஆபத்து வந்தது.

முதல் ஆபத்து, மினிபஸ் முதலாளி சுயம்புலிங்கம். செட்டியார்பட்டிக்காரர். நல்ல மனுஷன்தான், ஆனால் வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் அடிப்பட்டை வருஷத்துக்கு நாலு தடவை ஒடிந்தால் நல்ல மனுஷனுக்கும் மனசு ஒடியும். "ஹமீது, வர்ற ஒண்ணாந்தேதி வரைக்கும் பாப்பேன்" என்று போனில் சொல்லிவிட்டார். "ரோடு போடுதோம்னு கவர்மெண்டு பட்டியல்ல உங்க ஊர் பேரு வந்துட்டா வண்டி அங்கேயே ஓடட்டும். வரலையா, பொறவு என்னைக் குறை சொல்லாதேயும். செட்டியார்பட்டி ரூட்டுக்கு மாத்திருவேன்."

ஆலடிக்குளத்துக்கு வேறு பஸ் கிடையாது. ராஜபாளையம் நூல் மில்லுக்கு மத்தியான ஷிப்ட் வேலைக்குப் போகிற முப்பத்தெட்டுப் பெண்கள் அந்த ஒரு வண்டியை நம்பியிருந்தார்கள். வண்டி நின்றால் அவர்கள் விலக்கு வரை நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். ஹமீதுக்கோ, இந்த ரோட்டைத் தவிர வேறு ரோட்டில் ஓட்டத் தெரியுமா என்பதே சந்தேகம்.

இரண்டாவது ஆபத்து, ஒரு மாபெரும் நன்மையின் உருவத்தில் வந்தது. மலையடிவாரத்தை ஒட்டிப் புதிதாக ஒரு விரைவுச் சாலை. எட்டு வரிசையில் வண்டிகள் போகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டு, திரையில் படம் காட்டினார்கள். படத்தில் மரங்கள் கூட ஒரே உயரத்தில் நின்றன. ஆலடிக்குளத்துக் கண்மாயின் மேல் சாலை ஒரு பாலமாகப் பறந்தது.

ஹமீது பின்வரிசையிலிருந்து எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததால், கொஞ்சம் நேரமானது.

"ஐயா, அந்தப் பாலத்துல எங்க ஊர்க்காரன் ஏறணும்னா எங்கன ஏறணும்?"

படம் காட்டியவர் குச்சியை நகர்த்தினார். "பதினாறு கிலோமீட்டர் தள்ளி, இந்த இடத்தில்."

"அது வரைக்கும் எந்த ரோட்டுல போகணும்?"

"இப்ப இருக்கிற ரோட்டில்தான்."

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு பேரும் அந்தப் பதினாறு கிலோமீட்டரை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மனுக்கள் குவிந்தன. பறக்கிற ரோட்டுக்கு ஆகிற செலவில் கால்வாசி இருந்தால், மலையடிவார ஊர்களில் நடக்கிற ரோடுகள் பதினேழையும் சரிபண்ணி அகலப்படுத்திவிடலாமே என்று எல்லா ஊரும் எழுதின. ஹமீது மட்டும் பதினொரு திங்கட்கிழமை லீவு போட்டு மனுக் கொடுத்தார். கடைசியில் மேலிடம் இறங்கி வந்தது. பதினேழு ரோட்டையும் ஒரு இன்ஜினியர் நேரில் பார்ப்பார். எந்த ரோடு மோசம் என்று அறிக்கை வருகிறதோ அது செப்பனிடும் பட்டியலில் சேரும். நன்றாக இருக்கிறது என்று வந்தால் சேராது. எல்லா ரோடும் நன்றாக இருந்துவிட்டால், பணம் முழுக்க விரைவுச் சாலைக்கு.

ஆலடிக்குளத்துக்கு வியாழக்கிழமை காலை பத்து மணி என்று கடிதம் வந்தது. ஹமீது அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார். இந்த ரோட்டை மோசம் என்று நிரூபிக்க வாதம் வேண்டாம், வக்கீல் வேண்டாம். பார்த்தால் போதும். அப்படித்தான் நினைத்தார்.

புதன்கிழமை மத்தியானம் ராஜபாளையத்திலிருந்து திரும்பி விலக்கில் வண்டியை ஒடித்துத் திருப்பியவர், பிரேக்கை மிதித்தார்.

ரோடு இருந்தது.

நூறு நாள் வேலைப் பெண்கள் அறுபது பேர் வரிசையாக நின்று சட்டி சட்டியாக மண்ணை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று டிராக்டர் கண்மாய்க்கரை மண்ணையும் சரளையும் கொட்ட, ஒரு ரோலர் மேலே உருண்டுகொண்டிருந்தது. குழிகள் மூடி, மேலே முழுக்கச் சரள் விரித்து, தண்ணீர் தெளித்து, இரண்டு ஓரத்திலும் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக்கோடு. செவ்வாய்க்கிழமையே ஊர்ப்பக்கமிருந்து தொடங்கியிருக்கிறார்கள். அன்றைக்கு விடியலிலேயே வண்டியைப் பட்டை மாற்ற ராஜபாளையம் ஒர்க்ஷாப்பில் விட்டு, மாத்திரையும் வாங்கிக்கொண்டு ராத்திரி அங்கேயே தங்கிவிட்ட ஹமீதுக்கு அது தெரியாது. வக்கீல் குழியைக் காணவில்லை. சம்பந்திகள் இருவரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

நடுவில் குடை பிடித்துக்கொண்டு நின்றது ஊராட்சித் தலைவி சண்முகத்தாய். அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் லஞ்சம் வாங்காதவர், பொய் சொல்லாதவர், ரோடு வேண்டும் என்ற மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர். அவருக்கு இருந்த ஒரே நோய், வருகிற ஆளுக்கு முன்னால் ஊர் அழுக்காகத் தெரியக்கூடாது என்பது. கலெக்டர் வந்தபோது தெருநாய்களைக் கூடக் குளிப்பாட்டியவர்.

ஹமீது இறங்கி ஓடினார். ஓடினார் என்பது அவர் இடுப்பு அனுமதித்த அளவுக்கு.

"தங்கச்சி, என்ன காரியம் செய்தீக? நாளைக்கு இன்ஜினியர் வாராக."

"அதுக்குத்தானே அண்ணே, ரெண்டு நாளா நிக்கேன். எம்புட்டு வேலை பாருங்க."

"அவுக குழியைப் பாக்க வாராக தாயி. குழியை."

"பாக்கட்டும். அதுக்காக ஒரு பொம்பளை இன்ஜினியர் இடுப்பு ஒடிஞ்சு ஊருக்குள்ள வரணுமா? நம்ம வீட்டுக்கு ஆள் வந்தா, கிழிஞ்ச பாயை விரிச்சுப் போட்டா உக்காரச் சொல்லுவோம்?"

"கிழிஞ்சிருக்குன்னு எழுதுனாத்தான் புதுப் பாய் தருவாக."

"வாயால சொல்லுவோம் அண்ணே. 'அம்மா, இது நேத்துப் போட்டது, ஒரு மழைக்குத் தாங்காது'ன்னு நானே சொல்லுதேன். படிச்ச பிள்ளை, புரிஞ்சுக்கிடும்."

இதற்குமேல் சண்முகத்தாயிடம் பேச யாராலும் முடியாது. ஹமீது சாயங்கால நடை முடிந்ததும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு வக்கீல் குழி இருந்த இடத்துக்குத் தனியாகப் போனார். நாலு குத்துக் குத்தியிருப்பார். அன்றைக்கு வார லீவில் இருந்த பெத்தம்மாள், விறகோடு திரும்பும்போது பார்த்துவிட்டார். நாற்பது வயது, நூல் மில்லில் ரீலிங் பிரிவு, வாய் மட்டும் இரண்டு ஷிப்ட் ஓடும்.

"ஏ அண்ணாச்சி, ரோட்டுல என்ன பொதையல் தோண்டுதீக?"

பத்து நிமிஷத்தில் சண்முகத்தாய் ஸ்கூட்டியில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, அரசாங்க ரோட்டைத் தோண்டுறது பொதுச் சொத்துக்குச் சேதம். நானே புகார் எழுத வேண்டிவரும். என்னைய அப்படிச் செய்ய வைக்காதீக."

பதினொரு திங்கட்கிழமை குழிகளை மூடச் சொல்லி மனுக் கொடுத்தவர், குழி தோண்டிய குற்றத்துக்கு உள்ளே போகும் நிலை. ஹமீது கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி, அதை வண்டியிலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஆரிபா விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, "மழை வர வாய்ப்பு உண்டா?" என்றார்.

"இல்ல."

"அப்ப நீங்களே சொல்லுங்க அந்த அம்மாட்ட. மண்ணைக் கிளறாதீக, வாயைத் திறங்க. இம்புட்டு வருசம் என்கிட்ட குழி குழியாச் சொல்லுதீகளே, அதை அவுககிட்டச் சொல்லுங்க."

வியாழக்கிழமை பத்து மணிக்கு வரவேண்டிய இன்ஜினியர், அரசாங்க மரபுப்படி பதினொன்றரைக்கு வந்தார். பேர் ஹெப்சிபா. முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று நாளில் பதினேழு ரோடு பார்க்க வேண்டும், இது பதினாலாவது. ஜீப்பிலிருந்து இறங்கியதும், கையில் இளநீர், கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம். சண்முகத்தாய் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். "அம்மா, இது நேத்துப் போட்ட மண்ணு, கீழ முழுக்கக் குழி" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

ஹமீதும் சொன்னார். "நூத்தி முப்பத்தேழு குழிம்மா."

ஹெப்சிபா களைத்துப்போய்ச் சிரித்தார். "நேத்து ஒரு ஊர்ல எல்லாரும் சேந்து, மழை பெஞ்சா ரோடு நாலடி இறங்கும்னு சொன்னாங்க. தோண்டிப் பாத்தா பாறை, அரை நாள் வீண். நான் என்னண்ணே செய்ய? எனக்கு ஒரு ஃபார்ம் குடுத்திருக்காங்க." விரலால் காட்டினார். குழிகளின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம், சராசரி ஆழம் என்று ஒரு கட்டம், நிலை என்று ஒரு கட்டம். "அளந்ததைத்தான் எழுத முடியும். சொன்னதை எழுத இதுல இடமில்ல."

எண்ணிக்கை என்ற கட்டத்தில் அவர் பூஜ்யம் போட்டிருந்தார். அழகான பூஜ்யம். அதற்குக் கீழே கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸுக்குப் போய்த்தான் கையெழுத்துப் போடுவாராம்.

ஹமீது அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தொரு வருஷத்தில் அந்த ரோட்டில் அவர் பார்த்த குழிகளில், அவருக்கு ஓட்டத் தெரியாத குழி அது ஒன்றுதான்.

"பாய், மணி பன்னெண்டு நாப்பது" என்று கண்டக்டர் முத்துவீரன் தோளைத் தொட்டார். இரண்டு மணி ஷிப்ட்டுப் பெண்கள் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாயிற்று. மில் கேட் இரண்டடித்தால் மூடிவிடும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் அன்றைக்கு வேலை இல்லை.

ஹமீது வண்டியை எடுத்தார். பின்னாலேயே ஜீப்பும் கிளம்பியது.

அவருக்கு எதுவும் கேட்கவில்லை. பூஜ்யம் என்று எழுதியாயிற்று. ஒண்ணாந்தேதி வண்டி செட்டியார்பட்டிக்குப் போய்விடும். பின்னால் உட்கார்ந்திருக்கிற இந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் அதை யார் சொல்வது? நான் சொல்ல வேண்டுமா, முத்துவீரன் சொல்லட்டுமா? இந்த யோசனையிலேயே ஒரு கிலோமீட்டர் போயிருப்பார். பின்னால் ஜீப் ஹாரன் அடித்தது. வழி கேட்கிறார்கள் என்று இடதுபக்கம் ஒதுங்கினார். மறுபடி ஹாரன். நிறுத்தாமல் ஹாரன். ஜீப் சர்ரென்று வலதுபக்கம் ஏறி, முன்னால் போய்க் குறுக்கே நின்றது.

ஹெப்சிபா இறங்கி வந்தார். இப்போது முகத்தில் களைப்பு இல்லை.

"இறங்குங்க கீழ."

ஹமீது இறங்கினார்.

"குடிச்சிருக்கீங்களா?"

பஸ்ஸுக்குள்ளிருந்து முப்பத்தெட்டுப் பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். அதில் ஓங்கியது பெத்தம்மாளின் குரல். "யாரை என்ன கேக்குதீக? நோன்புல எச்சியை முழுங்க யோசிக்கிற மனுசன். அவிய குடிச்சிருந்தா, நாங்க சம்பந்தி குழியிலயே செத்திருப்போம்."

"அம்மா, நீங்க உள்ள இருங்க. நான் பின்னால வந்தேன். கண்ணால பாத்தேன்." ஹெப்சிபா போனைக் கையில் எடுத்துவிட்டார். "தரை மாதிரி ரோடு, எதிர்ல ஒரு வண்டி இல்ல. இந்த மனுசன் பாம்பு மாதிரி ஓட்டுறார். இடதுல ஒடிச்சு, வலதுல ஒடிச்சு, ஒரு இடத்துல ரோட்டை விட்டே இறங்கி ஏறுனார். உள்ள நாப்பது பொம்பளைங்க. ஸ்டேஷனுக்குச் சொல்லாம விட்டா நான் மனுஷி இல்ல."

"நான் நேராத்தானே வந்தேன்" என்றார் ஹமீது. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

"நேராவா? திரும்பிப் பாருங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புதுச் சரளில், ஈரம் காயாத மண்ணில், ஜீப்பின் தடம் நூல் பிடித்தாற்போல் வந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் மினிபஸ்ஸின் தடம் இடதும் வலதுமாக நெளிந்து, ஒரு இடத்தில் ஓரத்து வெள்ளைக்கோட்டை அழித்துக்கொண்டு இறங்கி, மறுபடி ஏறி வந்திருந்தது. ஹமீது தன் கைகளைப் பார்த்தார். கை தானாகத் திரும்பியிருக்கிறது. மண்ணுக்குள் போன குழிகளை எல்லாம் ஒன்று விடாமல் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? லைசென்ஸ் போனால் வண்டி எந்த ரூட்டில் ஓடினால் அவருக்கென்ன.

முத்துவீரன்தான் வாயைத் திறந்தார். "அம்மா, அவர் குழியைச் சுத்துனாரு."

"எந்தக் குழியை?"

"இருந்த குழியை."

ஹெப்சிபா முத்துவீரனையும் குடிகாரர் பட்டியலில் சேர்ப்பதுபோலப் பார்த்தார். போனில் எண்ணைத் தட்டினார். மணி அடிக்கிற சத்தம் வெளியே கேட்டது. பெத்தம்மாள் ஜன்னல் வழியாகத் தன் வாட்சைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

போனைக் காதில் வைத்தபடியே, ஹெப்சிபா அந்த நெளிந்த தடத்தை மறுபடி பார்த்தார். குனிந்தார். நாலடி நடந்து போய் இன்னும் குனிந்தார். மறுமுனையில் யாரோ "ஹலோ, ஹலோ" என்றார்கள். அவர் பதில் சொல்லாமல் போனை அணைத்தார்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து இந்த ரோட்டுல எத்தனை நடை ஓட்டுனீங்க?"

"நேத்து ஒண்ணு. இன்னைக்குக் காலையில மூணு. இது அஞ்சாவது. திரும்பி வர்றது அந்த ஓரம்."

"எல்லாம் நீங்கதானா?"

"வேற யாரும்மா இங்க ஓட்டுவா?"

ஹெப்சிபா உட்கார்ந்தே விட்டார். தரையில் ஒரு தடம் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அஞ்சு தடம். அஞ்சும் ஒரே நெளிவு. இடதில் இறங்கிய இடத்தில் அஞ்சும் இறங்கி, ஏறிய இடத்தில் அஞ்சும் ஏறியிருந்தன. ஒரு கைவிரல் அகலத்துக்கு மேல் எதுவும் பிசகவில்லை. குடித்தவன் நெளிந்து ஓட்டுவான். ஆனால் எந்தக் குடிகாரனாலும் அஞ்சு தடவை அதே நெளிவை நெளிய முடியாது. இன்ஜினியரிங் படிப்பு இதற்காவது பயன்பட்டது.

அவர் எழுந்து, தடம் வளைந்து சுற்றியிருந்த ஒரு வெற்றுத் தரையைக் காட்டினார். "இதுக்குக் கீழ என்ன இருக்கு?"

ஹமீது பார்க்கக்கூட இல்லை. "அதுதாம்மா வக்கீல். ஒண்ணே முக்கால் முழ நீளம். ஒரு முழ அகலம். முழங்கால் ஆழம். வடபக்கம் சரிவா இருக்கும், தென்பக்கம் செங்குத்து. அடியில ஒரு கருங்கல் சாஞ்சு கிடக்கும். அதுலதான் ரெண்டு தடவை பட்டை ஒடிஞ்சது."

"தோண்டலாமா?"

"தோண்டினா பொதுச் சொத்துக்குச் சேதம்னு தலைவரம்மா சொல்லியிருக்காக."

"நான் சொல்லுதேன், தோண்டுங்க" என்றார் ஹெப்சிபா. அதுவரை ஆபீஸ் தமிழ் பேசிக்கொண்டிருந்த அவருக்குச் சொந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

முத்துவீரன் பின்சீட்டுக்கு அடியிலிருந்து கடப்பாரையை எடுத்தார். ஆனால் அது ஒன்றுதான் இருந்தது, மணி ஒன்று ஐந்து ஆகிவிட்டது. பெத்தம்மாள் இறங்கினார். "ஏட்டி, எல்லாரும் இறங்குங்க. இந்தத் தோண்டல் முடியாம வண்டி நகராது. வண்டி நகராட்டா கேட் மூடிருவான். சாப்பாட்டுத் தட்டு, டிபன் மூடி, எது இருக்கோ எடுங்க." முதல் நாள் அந்தக் குழியை மூடிய பெண்களின் அக்காவும் தங்கச்சியும் மருமகளும் இப்போது டிபன் மூடியால் அதே மண்ணை வாரி வெளியே போட்டார்கள். மில்லில் நூல் அறுந்தால் ஒட்டுகிற விரல்கள். ஏழு நிமிஷத்தில் குழி திறந்தது.

ஹெப்சிபா டேப்பை இறக்கினார். நாற்பத்தொரு சென்டிமீட்டர். வடபக்கம் சரிவு, தென்பக்கம் செங்குத்து. அடியில் ஒரு கருங்கல் சாய்ந்து கிடந்தது. அதன் விளிம்பில் இரும்பு உரசிய கோடுகள் பளபளத்தன.

ஒரு குழியை இவ்வளவு மரியாதையோடு நாற்பது பேர் சுற்றி நின்று பார்த்தது அந்த ரோட்டின் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

"ஒண்ணு பொருந்துனா தற்செயல்" என்றார் ஹெப்சிபா. "இன்னும் மூணு பாக்கணும். நான் காட்டுற இடத்துல. நீங்க முதல்ல சொல்லணும், பிறகுதான் தோண்டணும்."

மணி ஒன்று பதினைந்து. அவர் காட்டினார், ஹமீது சொன்னார், பெண்கள் தோண்டினார்கள். சம்பந்திகள் இருவரும் சொன்ன ஆழத்திலேயே வந்தார்கள். மூன்றாவதாக, தடம் கொஞ்சம்கூட வளையாத ஒரு இடத்தைக் காட்டி, "இங்க?" என்று கேட்டார். கெட்டிக்காரப் பெண். ஹமீது கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனை நீண்டது. பெத்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"இங்க ஒண்ணும் இல்லம்மா" என்றார் ஹமீது. "இந்த ரோட்டுல நல்லா இருக்கிற எட்டடி இதுதான். நான் இங்கதான் செத்த நேரம் மூச்சு விடுவேன்."

கடப்பாரை இறங்கியது. ரெண்டு விரல் சரளுக்குக் கீழே, கறுப்பாக, கெட்டியாக, பழைய தார் தட்டுப்பட்டது.

ஹெப்சிபா ஜீப்பின் முன்பக்கத்தில் ஃபார்மை விரித்தார். பூஜ்யத்தைக் குறுக்கே அடித்தார். "வரிசையாச் சொல்லுங்க அண்ணே. ஒண்ணுல இருந்து."

ஹமீது சொன்னார். விலக்கிலிருந்து ஊர் வரைக்கும், இடது டயர், வலது டயர், முழம், சாண் என்று, ஓதுவதுபோல் நிறுத்தாமல் சொன்னார். ஹெப்சிபாவின் பேனா ஓடியது. எண்பதாவது குழிக்கு வந்தபோது சண்முகத்தாயின் ஸ்கூட்டி வந்து நின்றது. திறந்து கிடந்த குழிகளைப் பார்த்தார். மண்ணும் கையுமாக நின்ற பெண்களைப் பார்த்தார். இரண்டு நாள் வெயிலில் நின்று விரித்த பாய் நாலு இடத்தில் கிழிந்து கிடந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஹமீது எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"என்ன அண்ணே இது?" கண் கலங்கிவிட்டது. "ஊர் மானத்தை நடுரோட்டுல போட்டு அளக்குதீகளே."

ஹமீது தன் வாழ்க்கையில் சண்முகத்தாயை அழவைத்ததில்லை.

"நிலை, மோசம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார் ஹெப்சிபா. பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "தலைவரம்மா, ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. எந்த ரோட்டுல குழி அதிகமோ அதுதான் பட்டியல்ல முதல்ல வரும். இதுவரைக்கும் முதல்ல நிக்கிறது உங்க பக்கத்து ஊர் மேலப்பட்டி."

சண்முகத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மேலப்பட்டித் தலைவருக்கும் அவருக்கும் தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் நாலு வருஷப் பகை.

"அவிய ஊருக்கு எத்தனை?"

"நூத்திப் பன்னெண்டு."

"நமக்கு?"

"அண்ணன் கணக்குப்படி நூத்தி முப்பத்தேழு."

சண்முகத்தாய் ஹமீதின் பக்கம் திரும்பினார். "பள்ளிக்கூடத்து வளைவுல, குழாயடிக்கு நேர் எதிர்ல ஒண்ணு கிடக்குமே. அதைச் சேத்துட்டீகளா?"

"அது ரோட்டுக்கு வெளியேல்லா இருக்கு தங்கச்சி."

"போன மழைக்குப் பொறவு உள்ள வந்துட்டு. நான் பாத்தேன். எழுதிக்கிடுங்கம்மா, நூத்தி முப்பத்தெட்டு." பிறகு ஃபார்மை எட்டிப் பார்த்தார். "எழுதுறதுதான் எழுதுதீக, வெறும் மோசம்னு எதுக்கு? மிக மோசம்னு எழுதுங்க. எங்க ஊர் ஒண்ணும் குறைஞ்சது இல்ல."

ஃபார்மில் அப்படி ஒரு கட்டம் இல்லை. ஹெப்சிபா பேனாவால் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, அதில் எழுதி, அங்கேயே கையெழுத்தும் போட்டார்.

மணி ஒன்று முப்பத்தி நாலு. பெண்கள் கைகழுவ நேரமில்லாமல் ஏறினார்கள். ஹமீது தோண்டிய இடங்களைச் சுற்றிக்கொண்டு, விலக்கு வரைக்கும் மூடிக் கிடந்த மற்றக் குழிகளை முதன்முறையாக மேலேயே ஏற்றி ஓட்டினார். மில் கேட் மூட ஒரு நிமிஷம் இருக்கும்போது பெத்தம்மாள் கடைசி ஆளாக உள்ளே போனார். போகும்போது, கையில் என்ன மண் என்று கேட்ட வாட்ச்மேனிடம், "கவர்மெண்டு வேலை" என்று மட்டும் சொன்னார்.

ஹமீது ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சுயம்புலிங்கத்துக்குப் போன் போட்டார்.

"என்னவே, இன்ஜினியர் வந்தாகளா? ரோட்டைப் பத்தி என்ன எழுதுனாக?"

"மிக மோசம்னு எழுதிட்டாக மொதலாளி. கையெழுத்தும் போட்டாச்சு."

மறுமுனையில் பெருமூச்சுக் கேட்டது.

"நல்ல செய்தி சொன்னீரு. வண்டி அங்கேயே ஓடட்டும்."